பாதி அபராதம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ரயிலில் ஆசிடும் அமோனியாவும் எண்ணெயும் அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அபராதம்மா. யாரோ ஒரு வக்கீல் வராந்தாவில் நின்று கிண்டலாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அலுவலகத்துப் ப்யூனே வந்தவர்களிடம், "அபராதம்மா உள்ளதான் இருக்காங்க, போங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவளும் கண்டுகொள்வதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ரயில் சரக்குகளைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரி அவள்; தண்டவாளத்தில் எங்கே எது கொட்டினாலும் போயாக வேண்டும். வெயிலோ மழையோ, ரப்பர் பூட்ஸையும் முகமூடியையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்புவாள். கொட்டியது என்ன, ஏன் கொட்டியது, எந்த விதியை மீறினார்கள் என்று பார்த்துக் கம்பெனிக்கு அபராதம் போட வேண்டும். இது போலீஸ் வழக்கு இல்லை. விலங்கு கிடையாது, கூண்டு கிடையாது, ஜெயில் கிடையாது. பணத்தைக் கட்டினால் விஷயம் முடிந்தது. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே வக்கீல் வந்து உட்கார்ந்துவிடுவார். "தப்பைச் சரி பண்ணிட்டோம் மேடம்" என்பார். சரிசெய்துவிட்டால் அபராதத்தில் பாதிவரை குறைக்கலாம் என்று விதியே சொல்கிறது. நல்ல மனசோடு எழுதிய விதிதான். பழுதான வால்வை மாற்றுவார்கள், துருப்பிடித்த வேகனை ஓரங்கட்டுவார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள், பாவம். வால்வை மாற்றப் பணம் வேண்டும், நாள் வேண்டும். ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப ஒரு காகிதம் போதும். அதனால் வக்கீல்கள் வால்வைப் பற்றிப் பேசுவது குறைவு. "கவனக்குறைவா இருந்த ஆளை வேலையை விட்டே எடுத்துட்டோம் மேடம்" என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய தியாகம் செய்தவர்போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். கோப்பில் இதற்குத் 'திருத்த நடவடிக்கை' என்று பெயர். அவளும் பாதியைக் குறைத்துக் கையெழுத்துப் போடுவாள். இந்த வேலைக்கு வந்த புதிதில், நீக்கப்பட்டவரின் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அந்தக் கையெழுத்தைப் போடுவாள். பிறகு பழகிவிட்டது. அது பழகியது நல்லதற்கா என்று அவள் யோசித்ததில்லை. தலைக்கு மேல் கோப்பு கிடக்கையில் யார் யோசிப்பார்கள்?

வீட்டில் மட்டும் அது பழகவில்லை. ஏனென்றால் அவள் கணவரே ஒரு திருத்த நடவடிக்கைதான்.

கல்யாணமான சில வருஷங்களில் நடந்தது அது. அப்போது அவர் ஒரு எண்ணெய்க் கிடங்கில், வேகன்களின் அடிவால்வை மூடிப் பூட்டுகிற வேலையில் இருந்தார். அவர் பூட்டி அனுப்பிய வேகன் ஒன்று வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போய், ஒரு ஓடையை நாறடித்துவிட்டது. கம்பெனிக்கு அபராதம் வந்தது. கம்பெனி அவரை நீக்கியது. அபராதம் பாதியானது. அவள் அப்போதுதான் இந்தத் துறையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அந்தக் கோப்பைப் பார்த்தது வேறு அதிகாரி. அதற்குப் பிறகு ஆசிட், எண்ணெய் என்று எந்தக் கிடங்கிலும் அவரைச் சேர்க்கவில்லை. கிடைத்த வேலையையெல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. கடைசியில் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். கை மணம் அவளைவிட அவருக்குத்தான்.

மனுஷர் அழுது வடியவில்லை. எல்லாவற்றையும் கேலியாக்கிவிட்டார். "என்னைச் சாதாரணமா நினைச்சுடாதே. என் ஒரு தலையைக் காட்டி கம்பெனிக்காரன் பாதி அபராதத்தைத் தள்ளுபடி வாங்கியிருக்கான்" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தன்னை 'தள்ளுபடி' என்றே அறிமுகம் செய்துகொள்வார். அவள் மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போது, அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"என்னம்மா, இன்னிக்கு யாரு தள்ளுபடி?"

முதலில் எல்லாம் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. பிறகு, "சும்மா இருங்களேன்" என்று சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போக ஆரம்பித்தாள். அவரும் கேட்பதை நிறுத்தவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த ஆசிட் வேகன் வந்தது. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. முழங்கால் இரண்டும் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன. ஒரு சின்ன ஸ்டேஷனில் சரக்கு ரயில் சிக்னலுக்காக நின்றபோது, நடுவேகனின் மேல்மூடி ஓரத்திலிருந்து ஆசிட் வழிந்து இறங்கியிருக்கிறது. வெள்ளைப் புகையைப் பார்த்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்த தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு கணுக்காலும் வெந்துவிட்டது. அவள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தாள். அவர் வலியைவிட பூட்ஸைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார். புது பூட்ஸாம். பிறகு ஸ்டேஷனுக்குப் போனாள். ஜல்லி எல்லாம் வெளுத்துக் கிடந்தது. காற்று தொண்டையைக் கரகரவென்று அறுத்தது. ஏணி வைத்து, முனகிக்கொண்டே வேகன்மேல் ஏறிப் பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் ஒன்றுகூட உடையவில்லை, ரப்பர் கிழியவில்லை. போல்ட் மட்டும் தளர்ந்திருந்தது. ஸ்பானரே வேண்டாம், கையால் திருகினால் நகர்ந்தது.

சரியாக டைட் செய்யவில்லை. வேறென்ன? இதைப் போல எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

ஆசிட் கம்பெனியில் மூடியைக் கடைசியாக டைட் செய்த ஆளை வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் அவரை 'நெட்டை' என்றார்கள். லோடிங் மேடையின் கம்பியில் நிமிர்ந்தால் தலை இடிக்கும், அவ்வளவு உயரம். ஆனால் அன்றைக்கு நாற்காலி நுனியில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளான்ட் மேனேஜர். கொஞ்ச வயதுதான், அலட்டல் இல்லாத பையன், ராத்திரியெல்லாம் தூங்காத முகம். இன்னொரு பக்கம் வக்கீல், இஸ்திரி மடிப்புக் கலையாமல்.

"எத்தனை தடவை டைட் பண்ணீங்க தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு தடவை மேடம். லோடு ஏத்தினதும் ஒரு டைட். அப்புறம் டீ டைட்."

"டீ டைட்டா?"

"டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை டைட் பண்ணுவோம் மேடம். எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவங்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அன்னிக்கும் பண்ணினேன். சத்தியமா பண்ணினேன்."

சத்தியம் எல்லோரும்தான் செய்கிறார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். நெட்டையை வெளியே அனுப்பிவிட்டு வக்கீல் குரலைத் தாழ்த்தினார்.

"சஸ்பெண்ட் பண்ணியாச்சு மேடம். நீங்க திருத்த நடவடிக்கைன்னு ஏத்துக்கிட்டா, அன்னிக்கே டிஸ்மிஸ் ஆர்டர் கையில கொடுத்துடுவோம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் மறுத்துச் சொல்லவில்லை. வாரக் கடைசிக்குள் முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கேட்டுக்கு வெளியே நெட்டை நின்றிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அவள் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவரைப் பிடிக்காமல் இல்லை. கும்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது, அதனால்தான்.

வீட்டில் குரல் தயாராக இருந்தது. "இன்னிக்கு யாரு தள்ளுபடி?"

"ஒரு நெட்டை ஆளு" என்றாள், யோசிக்காமல்.

அவர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். இதுவரை அவள் யாரென்று பதில் சொன்னதே இல்லையே. "என்ன பண்ணினான்?"

"மூடியைச் சரியா டைட் பண்ணலை."

"அவன் என்ன சொல்றான்?"

"பண்ணினேன்னுதான் சொல்றான். என்ன சொல்வான் பின்ன?"

"நீ என்ன கேட்டே?"

"எத்தனை தடவை பண்ணினேன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன கேக்கணும்? காலு ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குது. வேகன்ல ஏறி இறங்கிப் பார்த்தாத்தானே உங்களுக்குத் தெரியும்?" எரிந்து விழுந்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஏதாவது கோணங்கித்தனம் செய்வார். அன்று செய்யவில்லை. "எனக்கு அதுகூட யாரும் கேக்கலை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். சாப்பிடும்போது அவர் வழக்கம்போல அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார், அவள் வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஆசிட் கம்பெனிக்குப் போனாள். நெட்டையையும் வரச் சொன்னாள். சஸ்பெண்டில் இருக்கிற ஆளை எப்படி உள்ளே விடுவது என்று கேட்டிலிருந்தவர் இழுத்தார். மேனேஜரே ஓடிவந்து கூட்டிப் போனார். லோடிங் மேடையில் அப்போதுதான் ஒரு வேகனில் ஆசிட் ஏற்றி முடித்திருந்தார்கள். அவள் ஓரமாக நின்று பார்த்தாள். இரண்டு பேர் மூடியைச் சாத்தி, எதிரும் புதிருமாக இருந்த போல்ட்டுகளை முறையாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, மேடையின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறைக்குள் போனார்கள். அங்கே ஒரு டீ மிஷின். பொத்தானை அமுக்கி, நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார்கள். அவளுக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். அவள் இரண்டு வாய் குடிப்பதற்குள் அவர்கள் குடித்து முடித்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் மறுபடி எல்லா போல்ட்டையும் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை.

"டீ டைட் ஓகே!" என்று மேலிருந்து ஒருவர் கத்தினார்.

அவள் கையில் டீ இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மிஷின் எப்ப வந்தது?"

"இந்த வருஷம்தான் மேடம்" என்றார் மேனேஜர். "நான்தான் வாங்கி வெச்சேன். கேன்டீன் அந்தக் கோடியில இருக்கு. ஆசிட்ல நின்னு வேலை செய்யறவங்க ஒரு டீக்கு அவ்வளவு தூரம் நடக்கணுமான்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் போலிருக்கிறது.

"தம்பி, நீங்க வாங்க" என்று அவள் நெட்டையைக் கூப்பிட்டாள். "முன்னாடி எப்படிப் போவீங்களோ அப்படியே கேன்டீனுக்குப் போகலாம். ஒண்ணையும் விடாம செய்யணும்."

போனார்கள். முதலில் பூட்ஸைக் கழுவும் தொட்டி. பிறகு மேலுடுப்பைக் கழற்றி மாட்டும் இடம். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவ வேண்டும். உள் கேட்டில் சோதனை. அதைத் தாண்டி லாரிகள் போகிற நீளமான சாலை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்க, நெட்டை தன் நீளக் கால்களைச் சுருக்கிச் சுருக்கி அவளோடு வந்தார். கேன்டீனில் வரிசை. டீ, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பேச்சு, பிறகு மறுபடி சாலை, கேட், மேலுடுப்பு. மேடையேறும்போது அவளுக்கு நாக்குத் தள்ளியது.

"இப்ப டைட் பண்ணுங்க."

நெட்டை அதே வேகனில் ஏறி ஸ்பானரை மாட்டித் தள்ளினார். போல்ட் நகர்ந்தது. முக்கால் சுற்று, சுகமாக நகர்ந்தது. அடுத்ததும் நகர்ந்தது. சற்றுமுன் 'ஓகே' என்று கத்தியவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

விஷயம் இவ்வளவுதான். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர், இறுக்கியதும் மெதுமெதுவாக அமுங்கும். அமுங்க அமுங்க போல்ட் தளரும். அதற்காகத்தான் காத்திருந்து இரண்டாம் முறை இறுக்குவது. காத்திரு என்று சொல்லிக் கொடுத்தால் யார் கேட்பார்கள்? டீ குடித்துவிட்டு வா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டீ பக்கத்தில் வந்ததும் காத்திருப்பு காணாமல் போய்விட்டது. நெட்டையும் மற்றவர்களும் கற்றதை ஒரு நாளும் தவறவிடவில்லை. மேனேஜரும் நல்லது நினைத்துத்தான் மிஷினை வைத்தார். எல்லோரும் சரியாகச் செய்து, ஒருவருடைய கணுக்கால் வெந்துவிட்டது. அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் தன்மேலேயே வந்தது.

நெட்டை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, வேகன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

"ஏன் தம்பி அழறீங்க? உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சே."

"அதில்ல மேடம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாரமா எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். டைட் பண்ணாமத்தான் விட்டுட்டேனோ, ஏதோ ஞாபகத்துல இருந்துட்டேனோன்னு. நேத்து வீட்டுல, ஆமா நான்தான் விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு மேடம்."

அவள் அவர் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஆளை நீக்குவதைத் திருத்த நடவடிக்கையாக ஏற்க முடியாது என்று அன்றே எழுதினாள். வக்கீல் மேலதிகாரி வரைக்கும் போனார். "இத்தனை வருஷம் ஏத்துக்கிட்டீங்களே மேடம், இப்ப மட்டும் என்ன?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்விதான். "இத்தனை வருஷம் தப்புப் பண்ணினேன்" என்றாள். பிறகு கம்பெனியே வழிக்கு வந்தது. நெட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது இறுக்கத்துக்கு நேரம் குறித்து மேடையில் ஒரு கடிகாரம் மாட்டினார்கள். வெந்த காலுக்கு வைத்தியம் முழுக்கக் கம்பெனி பொறுப்பு. அவள் பாதி அபராதத்தை மனசாரக் குறைத்தாள். கடிகாரம் மட்டும் போதாது என்று டீ மிஷினையும் தூக்கிக் கேன்டீனில் வைத்துவிட்டார்களாம். டீக்காக எங்களை நடக்க வைத்த மகராசி என்று லோடிங் ஆட்கள் இப்போது அவளைத் திட்டுகிறார்கள் என்று கேள்வி. நன்றாகத் திட்டட்டும்.

கையெழுத்துப் போட்ட அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"இன்னிக்கு யாரு தள்ளுபடி?"

"ஒரு டீ மிஷின்."

அவர் எட்டிப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, முழுக்கதையையும் சொன்னாள். ரப்பர் அமுங்கியது, கேன்டீனுக்கு நடந்தது, போல்ட் நகர்ந்தது எல்லாம். அவர் நடுநடுவே சிரித்தார். 'டீ டைட் ஓகே' என்று கத்தியவர் வாயைப் பிளந்தது வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். நெட்டை வேகன்மேல் உட்கார்ந்து சொன்னதை அவள் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஏம்மா" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "அன்னிக்கு நான் வால்வை மூடியிருப்பேனோ?"

அவள் திகைத்துப்போனாள். இத்தனை வருஷக் கேலிக்கும் அடியில் அந்த மனுஷர் தான்தான் வால்வை மூடாமல் விட்டுவிட்டதாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். அதுவாவது போகட்டும். அவளும் அப்படித்தான் நம்பியிருக்கிறாள். ஊர்ப்பட்ட கம்பெனிகளுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள், ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அந்தக் கிடங்கை இடித்துத் தரைமட்டமாக்கியாகிவிட்டது. அந்த வேகன் எந்தப் பழைய இரும்போடு போயிற்றோ. இனி ஏறிப் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது.

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஒரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கும்போது வலித்தது.

"சொல்லுங்க" என்றாள். "அன்னிக்கு வேலைக்குப் போனதுலேருந்து சொல்லுங்க. முதல்ல என்ன பண்ணீங்க?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.